இத்தனை விதிவிலக்கு இருந்தால் அது என்ன விதி? உலோகமும் அலோகமும்

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு. உலோகம், அலோகம் வேறுபாடு என்று பத்து வரி அட்டவணை கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். உலோகம் பளபளக்கும், அலோகம் பளபளக்காது. உலோகம் மின்சாரத்தைக் கடத்தும், அலோகம் கடத்தாது என்று போகிறது. அடியிலேயே விதிவிலக்குகளுக்கு இன்னொரு பட்டியல்: பாதரசம் திரவம், சோடியத்தைக் கத்தியால் வெட்டலாம், கிராஃபைட் மின்சாரம் கடத்தும், வைரம் எல்லாவற்றையும்விடக் கடினம், அயோடின் பளபளக்கும். "இத்தனை விதிவிலக்கு இருந்தால் அது என்ன விதி?" என்று கேட்கிறான். என்ன சொல்வது?

பதில்: கேள்வியில் தப்பே இல்லை. பல வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். இதே அட்டவணையைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். உங்கள் மகன் கேட்டதை வகுப்பில் கேட்ட பிள்ளைகள் மிகக் குறைவு. கேட்டவர்களிடம் "விதிவிலக்கு என்றால் விதிவிலக்குதான், எழுதிக்கொள்" என்று சொன்ன நாட்களும் உண்டு. அந்தக் கடனை இங்கே தீர்க்கிறேன்.

அட்டவணையின் பெரும்பாலான வரிகள் ஒரே சங்கதியைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்கின்றன. அணு தன் வெளிவட்டத்தில் இருக்கும் எலக்ட்ரான்களை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதுதான் அந்தச் சங்கதி. பிடி தளர்வாக இருந்தால் உலோகம், இறுக்கமாக இருந்தால் அலோகம். (இலங்கைப் பாடநூல்களில் அல்லுலோகம் என்பார்கள், இரண்டும் ஒன்றுதான்.) இந்தப் பிடியை அளக்கலாம். ஒரே எண்ணிக்கையில் அணுக்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று பார்த்தால், ஒரு மோலுக்கு (அணுக்களை எண்ண வேதியியலில் வைத்திருக்கும் ஒரு நிலையான எண்ணிக்கை) சீசியத்துக்கு 376 கிலோஜூல், சோடியத்துக்கு 496, குளோரினுக்கு 1251, ஃப்ளூரினுக்கு 1681. பாதரசத்துக்கு 1007. பாதரசத்தின் எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

பிடி தளர்ந்த அணுக்கள் கோடிக்கணக்கில் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும்? ஒவ்வோர் அணுவும் தன் வெளி எலக்ட்ரானைப் பொதுவில் விட்டுவிடுகிறது. அதற்கப்புறம் அந்த எலக்ட்ரான்கள் ஊர்ப் பொது நிலம் மாதிரி. எந்த அணுவின் பெயரிலும் பட்டா கிடையாது. அலோகத்தில் நிலைமை வேறு. அங்கே எவரும் எதையும் பொதுவில் விடுவதில்லை. பக்கத்து அணுவோடு இரண்டு எலக்ட்ரான்களுக்குக் கூட்டுப் பட்டா போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். வேலிக்குள் இருக்கும் எலக்ட்ரான் வேலியைத் தாண்டாது.

இதை வைத்துக்கொண்டு அட்டவணையைப் படித்துப் பாருங்கள். பேட்டரியை இணைத்ததும் பொது எலக்ட்ரான்கள் ஒரு பக்கமாக நகர்கின்றன, அதுதான் மின்சாரம். ஓரிடத்தைச் சூடாக்கினால் அதே எலக்ட்ரான்கள் அந்தச் சூட்டை மறுபக்கம் கொண்டுபோகின்றன. மேலே வெளிச்சம் பட்டால் அவை அதோடு சேர்ந்து ஆடி, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன. அதைத்தான் பளபளப்பு என்கிறோம். மின்கடத்துவதில் முதலிடம் வெள்ளிக்கு, அப்புறம் செம்பு, தங்கம், அலுமினியம். முதல் மூன்றும் ஏறக்குறைய அதே வரிசையில் வெப்பத்தையும் நன்றாகக் கடத்துவது தற்செயல் இல்லை. இரண்டு வேலைக்கும் ஒரே கூலியாட்கள். தெருவில் போகும் மின்கம்பியில் மட்டும் செம்பை விட்டுவிட்டு அலுமினியம் போடுகிறார்கள். காரணம் எடை: செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம், அலுமினியத்துக்கு 2.7. விலையும் குறைவு.

தகடாக அடிப்பதும் கம்பியாக இழுப்பதும் எப்படி என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சுத்தியலால் தட்டும்போது அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன. உலோகத்தில் எலக்ட்ரான் எல்லோருக்கும் பொது என்பதால், வழுக்கிப் போன அணுவுக்குப் போன இடத்திலும் அதே உறவு கிடைத்துவிடுகிறது. பிணைப்பு அறுவதில்லை, உருவம் மட்டும் மாறுகிறது. கந்தகத்தில் எட்டு எட்டு அணுக்கள் வளையமாகக் கைகோத்து நிற்கின்றன. வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே ஒட்டுறவு மிகக் குறைவு. தட்டினால் வளைய அடுக்குகள் பிரிந்து பொடிப்பொடியாகிவிடும். ஒரு கிராம் தங்கத்தைத் தட்டினால் கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர் அளவுக்கு விரியும், கம்பியாக இழுத்தால் இரண்டு கிலோமீட்டர் வரும் என்பதை அட்டவணை வெறுமனே "தகடாகும், கம்பியாகும்" என்று முடித்துவிடுகிறது.

நகை செய்பவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இன்னொன்றும் புரியும். தங்கக் கம்பியை அச்சில் கொடுத்து இழுப்பார், கொஞ்ச நேரத்தில் அது விறைத்துக்கொள்ளும். உடனே நெருப்பில் காட்டிச் சூடாக்கி மறுபடி இழுப்பார். அடுக்குகள் வழுக்கி வழுக்கி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால்தான் விறைப்பு வருகிறது. சூடு அந்தச் சிக்கலை எடுத்துவிடுகிறது. சொக்கத் தங்கத்தில் நகை செய்தால் அணுக்கள் சுலபமாக வழுக்கி நகை நெளிந்துவிடும். அதனால்தான் 22 காரட்டில் 91.6 சதவீதம் தங்கம் போக மீதிக்குச் செம்பும் வெள்ளியும் சேர்க்கிறார்கள். கடைக்காரர் சொல்லும் 916 இதுதான். தங்க வரிசைக்குள் அளவில் ஒத்துப்போகாத செம்பு அணு புகுந்து உட்கார்ந்தால், மென்மையான சாலையில் கல் கிடப்பது மாதிரி, அடுக்கு வழுக்குவது தடைபடுகிறது. இரும்பில் இந்த வேலையைச் செய்வது கார்பன் என்ற அலோகம். நூற்றில் ஒரு பங்கு கார்பன்கூட மென்மையான இரும்பைக் கத்தி செய்யும் எஃகாக்கிவிடும்.

இனி அட்டவணையில் எனக்குப் பிடிக்காத இரண்டு வரிகள். "உலோகம் தட்டினால் ஒலி எழுப்பும்" என்பது ஒன்று. கோயில் மணி வெண்கலம், ஏறக்குறைய நான்கு பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம். தட்டினால் நெடுநேரம் ரீங்காரிக்கும். காரீயக் கட்டியைத் தட்டினால் சொத்தென்று ஒரு சத்தம். காரீயமும் உலோகம்தானே! கண்ணாடி டம்ளர் கணீரென்று ஒலிக்கிறது, அதில் பொது எலக்ட்ரான் எதுவும் இல்லை. ஒலி என்பது பொருள் எவ்வளவு விறைப்பானது, அதிர்வை உள்ளேயே விழுங்காமல் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இன்னொரு வரி "உலோகத்துக்கு அடர்த்தி அதிகம்". லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றும் தண்ணீரைவிட இலேசு. 1807-ல் ஹம்ஃப்ரி டேவி மின்சாரத்தைக் கொண்டு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தபோது, தண்ணீரில் மிதக்கும் ஒன்றை உலோகம் என்று ஒப்புக்கொள்ளச் சிலருக்குத் தயக்கம் இருந்தது. அயோடின் அலோகம், அதன் அடர்த்தி 4.9, மெக்னீசியம் உலோகம், 1.7 மட்டுமே. பரீட்சைக்கு இந்த இரண்டு வரிகளையும் எழுதட்டும், மனதில் எழுதிக்கொள்ள வேண்டாம்.

உருகுநிலையும் சற்று அந்த வகைதான். ஆனால் அதில் நம் சமையலறைக் கதை ஒன்று இருக்கிறது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்து மறந்துபோனால் உருகி ஓட்டையாகிவிடும். பெரியவர்கள் புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்றச் சொல்வார்கள். ஈயச்சொம்பு நல்ல வெள்ளீயத்தில் செய்தது. அது 232 டிகிரி செல்சியஸில் உருகும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் சூடு நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் இல்லாவிட்டால் கேஸ் அடுப்பின் சூட்டுக்கு 232 ஒரு பொருட்டே இல்லை. ஈயம் என்ற பெயரில் இங்கே ஓர் ஆபத்தும் உண்டு: காரீயம் வேறு உலோகம், நச்சு. அதில் செய்தது, அது கலந்தது எதுவும் சமையலுக்கு ஆகாது. உலோகங்களின் உருகுநிலை எங்கிருந்து எங்கே போகிறது பாருங்கள்: டங்ஸ்டன் 3422 டிகிரி, பாதரசம் மைனஸ் 39. காலியம் என்ற உலோகம் 29.8 டிகிரியில் உருகும். சென்னை வெயிலில் அது திரவமாகவே கிடக்கும். "உலோகங்கள் திண்மம், பாதரசம் மட்டும் விதிவிலக்கு" என்ற வரியைக் குளிர் நாட்டில் இருந்துகொண்டு எழுதியிருக்கிறார்கள் போலும்.

பாதரசம் ஏன் இப்படி? அந்த 1007-க்கு வருகிறேன். கந்தகத்துக்கு இதே எண் 1000. அதாவது, தன் எலக்ட்ரானை விடுவதில் பாதரசம் கந்தகத்தைவிடக் கஞ்சன். அதன் உட்கருவில் 80 புரோட்டான்கள். அத்தனை இழுப்பில் உள்ளே வரும் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் ஓடுகின்றன. அந்த வேகத்தில் ஐன்ஸ்டீனின் சார்பியல் விளைவு தலைகாட்டி, வெளிவட்டம்கூடச் சுருங்கி உட்கருவை ஒட்டிக்கொள்கிறது. பொதுவில் விடுவதற்குப் பாதரசத்திடம் அரைமனதுதான் இருக்கிறது. அணுக்களுக்கு நடுவே பிணைப்பு பலவீனம், அதனால் திரவம். மின்கடத்துத்திறனும் செம்பில் ஐம்பதில் ஒரு பங்கைவிடக் குறைவு. தனிம அட்டவணையில் பக்கத்து வீட்டுக்காரரான தங்கத்துக்கு மஞ்சள் நிறம் வருவதும் இதே சார்பியல் விளைவால்தான். நீல ஒளியைத் தங்கம் விழுங்கிக்கொள்வதால் திரும்பி வரும் வெளிச்சம் மஞ்சளாகத் தெரிகிறது. நகைக்கடை வெளிச்சத்தில் ஐன்ஸ்டீனைப் பார்க்கலாம் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

கிராஃபைட்டும் வைரமும் கார்பன்தான். கார்பனுக்கு வெளிவட்டத்தில் நான்கு எலக்ட்ரான்கள். வைரத்தில் நான்கும் நான்கு பக்கத்து அணுக்களோடு கூட்டுப் பட்டாவில் மாட்டிக்கொண்டன. ஓட எதுவும் மிச்சமில்லை, அதனால் மின்சாரம் கடத்தாது. எல்லாத் திசையிலும் இறுகக் கட்டப்பட்டிருப்பதால் அத்தனை கடினம். கிராஃபைட்டில் மூன்று மட்டும் கட்டுண்டு தளமாக விரிகின்றன. நான்காவது அந்தத் தளம் முழுக்கச் சுற்றித் திரிகிறது. அந்த ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் கிராஃபைட் பாதி உலோகம்: கடத்தும், சாம்பல் நிறத்தில் மினுக்கும். தளத்துக்கும் தளத்துக்கும் நடுவே பிடிப்பு இல்லாததால் காகிதத்தில் தேய்த்தால் உரிந்து ஒட்டிக்கொள்ளும். நாம் அதைப் பென்சில் எழுத்து என்கிறோம். வைரத்திடம் இன்னொரு வித்தை உண்டு. மின்சாரம் கடத்தாத அது வெப்பத்தைச் செம்பைப்போல ஐந்து மடங்கு வேகமாகக் கடத்தும். எலக்ட்ரான் இல்லாமலேயே, இறுக்கமான கட்டமைப்பின் அதிர்வு வழியாக அந்த வெப்பம் போகிறது. வெப்பத்துக்கு இரண்டு பாதை உண்டு, மின்சாரத்துக்கு அந்த இரண்டாவது பாதை கிடையாது.

தனிம அட்டவணையில் கார்பனுக்குக் கீழே இறங்கினால் இந்தக் கதை இன்னும் தெளிவாகும். கார்பன், சிலிக்கான், ஜெர்மானியம், வெள்ளீயம், காரீயம். ஐந்துக்கும் வெளிவட்டத்தில் நான்கே எலக்ட்ரான்கள். ஆனால் கீழே போகப் போக வெளிவட்டம் உட்கருவிலிருந்து விலகுகிறது, பிடி தளர்கிறது. மேலே அலோகம், நடுவில் உலோகப்போலி (இரண்டுக்கும் இடைப்பட்டது), அடியில் உலோகம். வெள்ளீயம் வேலியின்மேலேயே உட்கார்ந்திருக்கிறது. 13.2 டிகிரிக்கு மேல் அது வெள்ளை நிறத்தில் பளபளக்கும் உலோகம். அதற்குக் கீழே வெகு காலம் கடுங்குளிரில் இருந்தால் சாம்பல் நிறப் பொடியாக உதிர ஆரம்பிக்கும். அந்தப் பொடியின் அணு அமைப்பு வைரத்தின் அமைப்பு, குணமும் உலோகத்தின் குணமாக இருக்காது. அந்த மாற்றம் மிக மெதுவாக நடப்பது, கொஞ்சம் கலப்பு இருந்தாலும் தடைபடும். எனவே ஊட்டியில் இருப்பவர்கள் ஈயச்சொம்பை நினைத்துப் பயப்பட வேண்டாம். அயோடின் பளபளப்புக்கும் இதே கணக்குதான். ஃப்ளூரின், குளோரின், புரோமின், அயோடின் என்று அந்த வரிசையிலும் கீழே போகப் போகப் பிடி தளர்கிறது. நான்காவது படியிலேயே உலோக மினுக்கு எட்டிப்பார்க்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் இயற்பண்பு. வேதிப்பண்பில் விதி இன்னும் உறுதியானது. உலோகம் எலக்ட்ரானைக் கொடுக்கும், அலோகம் வாங்கும் அல்லது பங்குபோடும். சோடியம் ஒன்றைக் கொடுக்க, குளோரின் ஒன்றை வாங்க, தூத்துக்குடி உப்பளத்தில் குவிந்திருப்பது அந்தக் கொடுக்கல் வாங்கல்தான். கொடுக்கத் துடிக்கும் சோடியத்தை மண்ணெண்ணெயில் வைக்கிறோம், தண்ணீர் பட்டால் விபரீதம். வெள்ளைப் பாஸ்பரஸ் காற்றில் சுமார் 30 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும் அலோகம். அதைத் தண்ணீருக்குள் வைக்கிறோம். இரண்டு பாட்டில்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் பிள்ளைகள் வாழ்நாளில் மறக்க மாட்டார்கள். தங்கமோ கொடுப்பதுமில்லை, சுலபத்தில் வாங்குவதுமில்லை. அதனால்தான் பாட்டியின் நகை பேத்திக்கும் அப்படியே வருகிறது.

உலோகத்தின் ஆக்சைடு பெரும்பாலும் காரம், அலோகத்தின் ஆக்சைடு பெரும்பாலும் அமிலம். இதைச் சோதிக்க வீட்டில் மஞ்சள்தூள் போதும். வெற்றிலைச் சுண்ணாம்பு கால்சியம் ஆக்சைடு தண்ணீரோடு சேர்ந்து வந்தது. அதை மஞ்சள் தண்ணீரில் கலக்கினால் ஆரத்திச் சிவப்பு வந்துவிடும். அது காரத்தின் அடையாளம். எலுமிச்சம்பழம் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். இன்னொரு பக்கம், கரியமிலவாயு தண்ணீரில் கரைந்தால் சோடாவின் இலேசான புளிப்பு. கந்தக டை ஆக்சைடு மழையில் கரைந்தால் அமில மழை. கறுத்துப்போன பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அங்கே நடப்பதும் இதுதான்: மேலே படிந்தது உலோக ஆக்சைடு, புளியில் இருப்பது அமிலம், இரண்டும் சேர்ந்து கரைந்து போக உள்ளே இருக்கும் உலோகம் வெளியே தெரிகிறது. பித்தளைப் பாத்திரத்தின் உள்ளே ஈயம் பூசாமல் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்பதற்கும் காரணம் அதே புளிதான். இந்த விதிக்கும் ஓட்டை உண்டு. அலுமினியம், துத்தநாகம் இவற்றின் ஆக்சைடு அமிலத்தோடும் சேரும், காரத்தோடும் சேரும். கார்பன் மோனாக்சைடு பாடப்புத்தகக் கணக்கில் நடுநிலை.

பையனுக்கு ஆர்வம் இருந்தால் மட்டும் இந்தப் பத்தியைச் சொல்லுங்கள். ஒற்றைத் தங்க அணு உலோகமா? இல்லை. மஞ்சளாகவும் இருக்காது, பளபளக்கவும் செய்யாது. பொதுவில் விட ஊர் வேண்டுமே! பழைய டியூப்லைட்டுக்குள் இருக்கும் பாதரச ஆவியும், தெருவிளக்கில் மஞ்சளாக எரிந்த சோடியம் ஆவியும் உலோகத் தனிமங்கள்தான், ஆனால் அந்த நிலையில் வெறும் வாயுக்கள். அணுக்கள் நெருங்கி நின்றால்தான் உலோகக் குணம் பிறக்கிறது. போதுமான அழுத்தம் கொடுத்தால் ஹைட்ரஜன்கூட உலோகமாகும். வியாழன் கிரகத்தின் உள்ளே அப்படித்தான் இருக்கிறது என்பது அறிவியலாளர்களின் கணிப்பு. நேர்மாறாக, 2009-ல் சோடியத்தைச் சுமார் இருபது லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் நசுக்கிப் பார்த்தபோது அது கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் பொருளாகி, கடத்துவதையும் நிறுத்திவிட்டது.

சரி, இத்தனை குழப்பத்திலும் ஒரு பொருள் உலோகமா இல்லையா என்று முடிவுகட்ட நல்ல சோதனை ஒன்று சொல்லுங்கள் என்றால், சூடாக்கிப் பாருங்கள் என்பேன். உலோகத்தைச் சூடாக்கினால் மின்தடை கூடும். அதிரும் அணுக்கள் எலக்ட்ரான்களுக்குக் குறுக்கே வருவதுதான் காரணம். சிலிக்கான் மாதிரி உலோகப்போலியில் நேர்மாறு. சூடு சில எலக்ட்ரான்களை வேலியிலிருந்து விடுவிப்பதால் கடத்தல் கூடும். பழைய 60 வாட் குண்டு பல்பு எரியும்போது அதன் டங்ஸ்டன் இழைக்கு 880 ஓம் அளவுக்குத் தடை. அணைத்து ஆறிய பிறகு அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. சுவிட்சைப் போட்ட கணத்தில் அதிக மின்னோட்டம் பாய்வது அதனால்தான். பல்பு பெரும்பாலும் போடும்போதே ஃபியூஸ் ஆனது நினைவிருக்கும்.

கடைசியாக, உட்கார்ந்து செய்ய ஒரு வேலை. இரண்டு டார்ச் செல்களைத் தொடராக வைத்து ஒரு சின்ன வெள்ளை எல்.இ.டி. விளக்கை இணைத்து, நடுவே இடைவெளி விடுங்கள். வீட்டுச் சுவர் பிளக் பக்கமே போகக் கூடாது, செல் மட்டும். அந்த இடைவெளியில் இரும்பு ஆணியை வைத்தால் எரியும். இரண்டு முனையும் சீவிய பென்சிலை வைத்தால், கொஞ்சம் மங்கலாக, எரியும். விறகுக் கரித்துண்டை வைத்தால் பெரும்பாலும் எரியாது. பென்சிலும் கார்பன், கரியும் கார்பன், பின்னே ஏன் என்று அவனே கேட்பான். கரியில் அந்தத் தளங்கள் சின்னச் சின்னத் துண்டுகளாகத் தாறுமாறாகக் கிடக்கின்றன. நான்காவது எலக்ட்ரான் சுற்றித் திரிய ஆசைப்பட்டாலும் ஒரு துண்டின் ஓரத்தோடு பாதை முடிந்துபோகிறது.